ஒரு மீட்டர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ்: அலுமினியக் குழாயில் 0.05 வரை வந்தாச்சு

பலகை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற ஸ்ட்ரெய்ட் எட்ஜ் ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி சோதித்துப் பார்த்தபோது, இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜின் 0.05 மி.மீ. தகடு ஒரு மீட்டர் நீளத்தில் எங்கேயும் நுழையவில்லை. சாதாரண அலுமினியப் பெட்டிக்குழாய்தான், 50-க்கு 25, சுவர் கனம் 3 மி.மீ. அந்த 25 மி.மீ. முகம்தான் விளிம்பு. அகலமாக இருப்பதால் பிடிக்காமலேயே நிற்கும், இரண்டு கையும் ஃப்ரீ. ரொம்ப நாளாக மனதில் இருந்த வேலை, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால்தான் பணம் மிச்சமாகும். டிஐஎன் 874 என்கிற ஜெர்மன் தரத்தில் இரண்டாம் வகுப்பு எஃகு எட்ஜுக்கே மீட்டருக்கு 0.033 மி.மீ.தான் அனுமதி. மர வேலைக்கு அதற்குக் கொடுக்கிற காசு தண்டம் என்பது என் கட்சி. மரம் ஈரத்துக்கு அசைவதே அதைவிடப் பல மடங்கு. 0.1-க்குள் இருந்தால் பலகைகளை ஓரம் சேர்த்து ஒட்டலாம், கிளாம்ப் போட்டதும் இடைவெளி மூடிக்கொள்ளும். 0.05-க்குள் இருந்தால் இழைப்புளியின் அடித்தகட்டையும் நம்பிப் பார்க்கலாம்.

விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டு, துண்டைத் திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போட்டுப் பார்க்கிற சோதனை பலருக்கும் தெரியும். ஆனால் எப்படித் திருப்புகிறோம் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. தரையில் கிடக்கிறபடியே 180 பாகை சுற்றி வைத்தால் நடுவில் புடைத்திருப்பதோ குழிந்திருப்பதோ தெரியும், எஸ் வடிவ வளைவு மட்டும் தெரியவே தெரியாது, இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று அழகாக உட்கார்ந்துவிடும். விளிம்பை அச்சாக வைத்துப் புத்தகப் பக்கம் புரட்டுவது போலப் புரட்டினால்தான் எல்லாப் பிழையும் இரட்டிப்பாக வெளியே வரும். பென்சில் வேண்டாம், மார்க்கிங் கத்தி, வெள்ளை லாமினேட் ஒட்டிய பலகை, ஒரு லென்ஸ். இரண்டு கோடும் 0.1 விலகியிருந்தால் உண்மையான பிழை 0.05.

கத்திக்கோடு அதற்குக் கீழே போகாது. அங்கேதான் மூன்று துண்டு முறை வேண்டும். இயந்திரக் கருவிகள் செய்த ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஆங்கிலப் பொறியாளர் ஜோசஃப் விட்வொர்த் 1840-ல் கிளாஸ்கோவில் கட்டுரையாக வாசித்து ஊரறியச் செய்த அதே முறை. அவர் சமதளத் தட்டுகளுக்குச் சொன்னதை நாம் விளிம்புக்குச் செய்கிறோம். அ, ஆ என்ற இரண்டு துண்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தினால் ஒன்று புடைத்து ஒன்று குழிந்திருக்கலாம், அதனால் இ என்று மூன்றாவது. இதில் எனக்குப் பிடித்துப்போன குறுக்குவழி ஒன்று உண்டு: இ நேராக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அ-வும் ஆ-வும் தங்களுக்குள் பொருந்த வேண்டும், அப்புறம் இரண்டும் இ-யிடம் ஒரே இடத்தில் ஒரே அளவு இடைவெளி காட்ட வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் ஒரே வடிவம், அதே நேரம் ஒன்றுக்கொன்று எதிர் வடிவம் என்றால் அது நேர்கோடாக மட்டுமே இருக்க முடியும். இ அந்த நேரத்துக்குள் வளையாமல் இருந்தால் போதும்.

எங்கே மேடு என்று கண்டுபிடிப்பதில்தான் முக்கால்வாசி நேரம் போனது. பின்னால் டார்ச் வைத்துப் பார்த்தால் மெல்லிய ஒளிக்கோடு தெரிகிறது, ஆனால் கண் அதை வைத்து அளவு சொல்லாது, தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கோடு தடித்த மாதிரி தெரியும். எனக்குக் கைகொடுத்தது சுழற்றிப் பார்ப்பதுதான். விளிம்போடு விளிம்பு படும்படி ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, மேல் துண்டின் ஒரு முனையை ஒரே விரலால் பக்கவாட்டில் லேசாகத் தள்ள வேண்டும். நடுவை மையமாக வைத்துச் சுற்றினால் நடுவில் மேடு. எதிர் முனையை மையமாக வைத்துச் சுற்றினால் நடு குழிந்திருக்கிறது. எதிர் முனையிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சுற்றினால் இரண்டும் சேர்ந்து படிந்திருக்கின்றன. மறுமுனையிலும் அதே மாதிரி தள்ளிப் பார்க்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒத்துவந்தால்தான் கணக்கு. தூசி ஒரு துகள் இருந்தாலும் அது அங்கேயே அச்சாகிவிடும், அதனால் ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையால் வழித்துவிட்டுத்தான் வைப்பது.

மேட்டில் மார்க்கர் மை பூசி, கெட்டியான சின்னக் கட்டையில் ஒட்டிய 180 எண் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்ப்பு. கட்டை நீளமாக இருந்தால் மேட்டை மட்டும் தனியாகத் தேய்க்க முடியாது. அரம் போடுவதானால் பல்லில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அலுமினியம் அடைத்துக்கொண்டு ஆழமாகக் கீறிவிடும்.

தேய்த்ததும் அளக்கக் கூடாது. அலுமினியம் சூட்டுக்கு விரிவது எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. நீளம் கூடினால் நமக்குக் கவலையில்லை. ஆனால் 50 மி.மீ. உயரத்தில் மேல் பக்கம் கீழ் பக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி சூடாக இருந்தால் மீட்டர் நீளத்தில் நடு 0.05-க்கும் மேலே வளைந்துவிடும்! நாம் துரத்திக்கொண்டிருக்கிற மொத்தப் பிழையே அவ்வளவுதான். தேய்த்தவுடன் மேடு என்று தெரிவது அரை மணி நேரத்தில் காணாமல் போகும். அதனால் தேய்ப்பு, முனைகளிலிருந்து 220 மி.மீ. உள்ளே இரண்டு கட்டை கொடுத்து வைப்பு, வேறு வேலை, அப்புறம்தான் அளப்பு. துணிக் கையுறை போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

எங்கே வாங்குவது என்றால், வெட்டிய துண்டுகளை எடைக்குப் போடுகிற அலுமினிய ஃபேப்ரிகேஷன் பட்டறைதான் முதல் இடம். ஒரே நீளக் குழாயிலிருந்து மூன்று துண்டு வெட்டி வாங்குங்கள். தேய்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ரசமட்டம். பெட்டி வடிவத்தில், அடி விளிம்பு மில்லிங் செய்தது. கடையில் ஒரே மாடலில் மூன்றை எடுத்து, விளிம்போடு விளிம்பு வைத்து வெளிச்சத்துக்கு எதிரே மாற்றி மாற்றிப் பாருங்கள், மேலே சொன்ன அதே கணக்குதான். பார்க்க விடாத கடையில் வாங்க வேண்டாம். ‘துல்லியமானது’ என்று மட்டும் அச்சடித்து எத்தனை மி.மீ. என்று போடாத ஸ்ட்ரெய்ட் எட்ஜ்களும் வேண்டாம், எண் போடாதவன் எதற்கும் பொறுப்பு ஏற்கவில்லை.

அடுத்து இதே முறையில் 600 மி.மீ. ஜோடி ஒன்று செய்து, ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, பலகை முறுக்கம் பார்க்கிற வைண்டிங் ஸ்டிக்காக வைத்துக்கொள்ள எண்ணம். மரத்தில் செய்தால் இன்னும் லேசாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மறுபடி இழைக்க வேண்டும். அதற்குள் இ-யை முடிக்க வேண்டும், நடுவில் இன்னும் 0.1 அளவுக்கு மேடு இருக்கிறது, தள்ளினால் பம்பரமாகச் சுற்றுகிறது. உப்புத்தாளும் தீர்ந்துவிட்டது. 180 வாங்கும்போதே 320-ம் வாங்கி, அ, ஆ இரண்டின் கீறல்களையும் லேசாக எடுத்துவிட்டு மறுபடி சோதித்து எழுதுகிறேன்.