மழையே இல்லாம வீடு ஒழுகுமா? பனி ஊர்ல ஒழுகும்

தம்பி பாஸ்டன் பக்கத்துல வீடு வாங்கி முதல் குளிர்காலம் வந்தப்போ ஒரு நாள் போன்ல சொன்னான், "அக்கா, பத்து நாளா ஒரு சொட்டு மழை இல்ல, வெளிய எல்லாம் உறைஞ்சு கிடக்கு, ஆனா ஹால் சீலிங்ல தண்ணி சொட்டுது"ன்னு. அம்மாவுக்கு ஒண்ணுமே புரியல, பைப் உடைஞ்சிருக்கும்னு சொல்லிட்டாங்க. பைப் இல்லைங்க, அதுக்கு பேரு ஐஸ் டேம், அதாவது கூரை ஓரத்துல ஐஸே அணை மாதிரி கட்டிக்கிறது. நம்ம தெருவுலயே எத்தனை வீட்டு பிள்ளைங்க இப்ப அந்த ஊர்கள்ல வீடு வாங்கியிருக்காங்க, பெத்தவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும்னுதான் எழுதறேன்.

நடக்கிறது இதுதான். அங்க ஹீட்டர் ராத்திரி பகலா ஓடும், அந்த சூடு மேல ஏறி சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற அட்டிக்ல போய் நிக்கும், அங்க சூட்டைத் தடுக்கப் போடுற இன்சுலேஷன் சரியில்லன்னா கூரைப் பலகையே சூடாகி மேல கிடக்கிற பனி அடியிலேர்ந்து உருக ஆரம்பிக்கும். உருகின தண்ணி சரிவுல இறங்கி ஓரத்துக்கு வரும். ஆனா சுவரைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்கிற ஓரத்துக்கு அடியில சூடு கிடையாதே, அங்க வந்ததும் மறுபடி உறைஞ்சுடும். அப்படியே உறைஞ்சு உறைஞ்சு வரப்பு கட்டின மாதிரி ஐஸ் நின்னுடும், பின்னாடி வர்ற தண்ணிக்கு போக வழி இல்லாம குளமா தேங்கும். கூரை மேல நம்ம ஓடு மாதிரி போட்டிருக்கிற ஷிங்கிள் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி படுத்திருக்கும், மேலேர்ந்து கீழ ஓடுற தண்ணியைத்தான் அது தடுக்கும், தேங்கி நிக்கிற தண்ணி பின்னால ஏறி அடுக்குக்குள்ள புகுந்தா அதால ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் பலகை ஊறும், இன்சுலேஷன் நனையும், சீலிங்ல பழுப்பு வட்டம் விழும், பூஞ்சை வரும்.

கூரை ஓரத்துல ஐஸ் நீளமா தொங்குறதை போட்டோ எடுத்து ஃபேமிலி க்ரூப்ல போடுவாங்க, நாமளும் ஹார்ட் போடுவோம். வரிசையா தடிமனா தொங்குச்சுன்னா அட்டிக்கை பாக்க சொல்லுங்க. பாத்ரூம், கிச்சன் எக்ஸாஸ்ட் ஃபேன் காத்து நேரா வெளிய போகுதா இல்ல அட்டிக்குள்ள போய் விழுதான்னு கேளுங்க. நம்ம வீடுகள்ல அடுப்புல எந்நேரமும் ஏதாவது கொதிச்சுக்கிட்டே இருக்கும், அந்த ஆவி அட்டிக்குள்ள போச்சுன்னா சூட்டோட ஈரமும் சேர்ந்துக்கும்.

எடை இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் ரொம்ப பயம். புதுசா விழுற உலர்ந்த பனி கன மீட்டருக்கு 50லேர்ந்து 100 கிலோதான் இருக்கும், அதுவே அமுங்கி ஈரமானா 300 கிலோவையும் தாண்டும், ஐஸ்னா 900க்கு மேல. 1000 சதுர அடி கூரையில ஒரு அடி ஈரப்பனி நின்னா எட்டு டன்னுக்கு மேல வருது. பனி மேல மழை பெஞ்சா இன்னும் மோசம், அந்தத் தண்ணியையும் உறிஞ்சிக்கும். 2006 ஜனவரியில போலந்து நாட்டு கட்டோவீஸ்ல ஒரு கண்காட்சி மண்டபக் கூரை பனி பாரத்துல இடிஞ்சு 65 பேர் செத்துப்போனாங்க. பாஸ்டன்லயே 2014-15 சீசன்ல மொத்தமா 9 அடிக்கு மேல பனி கொட்டுச்சு, அந்த வருஷம் அந்தப் பக்கம் நிறைய கூரை விழுந்துச்சு. வீட்டுக்குள்ள கதவு திடீர்னு இறுகிக்கிச்சு, சுவர்ல புதுசா விரிசல், மேல மடமடன்னு சத்தம், இப்படி ஏதாவது இருந்தா சாமானை எல்லாம் பாக்காம முதல்ல ஆளுங்க வெளிய வந்துடணும்.

பனியை எடுக்கிறதுக்கு நீளக் கம்போட ரூஃப் ரேக்னு விக்குது, தரையில நின்னுக்கிட்டே இழுக்கலாம், கரண்ட் வயர் மட்டும் பாத்துக்கணும். ஏணி போட்டு மேல ஏறவே வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க. சுத்தியலால ஐஸை உடைக்கவும் கூடாது, குளிர்ல ஷிங்கிள் பொறபொறன்னு ஆகி அதுவும் சேர்ந்து உடையும். கல்லுப்பு தூவினா தகரம் எல்லாம் அரிச்சுடும். நிரந்தரமா சரியாகணும்னா சீலிங்ல சூடு கசியுற ஓட்டை எல்லாம் அடைச்சு, இன்சுலேஷன் ஏத்தி, அட்டிக்ல வெளிக்காத்து ஓட வழி விடணும். அதெல்லாம் பனிக்கு முன்னாடி செய்யற வேலை. தம்பி அடுத்த அக்டோபருக்குள்ள இது மூணையும் பண்ணிட்டான், அப்புறம் ஒழுகல.

இதைப் படிச்சப்புறம் நம்ம மொட்டை மாடியையும் பாருங்க. பனி இல்லையே தவிர தேங்குற தண்ணி இங்கயும் அதே வேலையைத்தான் செய்யுது. தண்ணி போற ஓட்டையில வேப்பிலையும் பிளாஸ்டிக் கவரும் அடைச்சா மாடியே குளமாகி, தட்டோடு இடுக்கு வழியா இறங்கி, கான்க்ரீட்டுக்குள்ள கம்பி துரு பிடிச்சு உப்பி, சீலிங் சிமென்ட் பேத்துக்கிட்டு விழும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க பக்கம் எத்தனை வீட்ல மேல் மாடி ஒழுகுச்சுன்னு பாத்தேன். ஐப்பசி பொறக்குறதுக்குள்ள ஓட்டையை சுத்தம் பண்ணிட்டு நாலு பக்கெட் தண்ணி ஊத்துங்க, அரை மணி கழிச்சும் எங்க நிக்குதோ அங்க சாக்பீஸால வட்டம் போட்டு வச்சு கொத்தனார் வரும்போது காட்டுங்க, அந்த இடத்துல வாட்டம் சரி பண்ணாம வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட் மட்டும் அடிக்க விடாதீங்க.