பெயர் நீக்குவதற்கு முன்

ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் லைனில் ஒருவர் இறந்துவிட்டால், மறுநாள் காலை மெஷினை நிறுத்தி இரண்டு நிமிடம் நிற்பார்கள். சூப்பர்வைசர் நோட்டோடு வசூலுக்கு வருவார். பேரணாம்பட்டு, குடியாத்தம் வேன்களில் வரும் பெண்கள் சேர்ந்து காரியத்துக்குப் போய்வருவார்கள். வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இங்கே சொல்லப்படும் பெண் இருபத்தேழு வயதில் ரத்தப் புற்றுநோயில் போனவள். பெயர் வேண்டாம். தூண் போல உயர்ந்த மேடையுள்ள போஸ்ட் பெட் மெஷினில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே, ஒரு சென்டிமீட்டருக்கு நாலு தையல். தோலில் ஊசி இறங்கினால் துளை துளைதான், துணி மாதிரி பிரித்துத் தைக்க முடியாது. அதனால் தப்பைத் தையலுக்கு முன்பே பிடிக்க வேண்டும். தோல் விளிம்பை மெலிதாகச் சீவும் ஸ்கைவிங்கில் அதிகம் சீவியிருந்தால் மடிப்பில் நூல் தோலை அறுத்துவிடும். குறைவாகச் சீவினால் மடிப்பு தடித்துப்போய்க் காலை உறுத்தும். அவள் கட்டைவிரலால் விளிம்பை ஒரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு, சரியில்லாத தோல் துண்டுகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். பீஸ் எண்ணிக்கை குறைகிறது என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டாலும் கேட்கமாட்டாள். "கட்டைவெரல் வெச்சுப் பாத்தியா?" என்று புதுப் பெண்களை அந்த லைனில் இன்றும் கேட்கிறார்கள்.

அவள் வேலூரில் சிகிச்சையில் இருந்த மாதங்களில் மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், பெயர் இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான காரியம் இதுதான். நெடுநாள் வராதவர் பெயரை 'நின்றுவிட்டார்' என்று அடித்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி அடித்தால் பணியில் இருக்கும்போது நேர்ந்த மரணம் என்பது போய்விடும், கூடவே பி.எஃப்.போடு (வருங்கால வைப்புநிதி) சேர்ந்த காப்பீட்டுப் பணமும். நோயாளி வராதது விலகல் ஆகாது. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) முதல் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், அதன் பிறகு 80 சதவீதம். டாக்டர் சான்றிதழ் இடைவெளி விழாமல் வருகிறதா என்று யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த இடத்தில். வேலூர் ஆஸ்பத்திரியில் இறந்தால் வேலூர் மாநகராட்சிதான். பல குடும்பங்கள் கிராமத்தில் வி.ஏ.ஓ.வைச் சுற்றி ஒரு மாதத்தை வீணாக்குகின்றன. இ.எஸ்.ஐ. ஈமச்சடங்குச் செலவு 15,000 ரூபாய். அதை மூன்று மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியையும் காரணத்தையும் கம்பெனிதான் பதிய வேண்டும். அவசரத்தில் 'ராஜினாமா' என்று அழுத்திவிட்டால் மொத்தமும் மாட்டிக்கொள்ளும். பணியில் இருக்கும்போது இறப்பு என்றே இருக்க வேண்டும். பணம் மூன்று வழியாக வரும்: சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20, காப்பீட்டுக்கு 5-ஐ.எஃப்., பென்ஷனுக்கு 10-டி. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் உண்டு. சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறவர்களே அதிகம். காப்பீட்டுக்குத் தொழிலாளி காசு கட்டுவதில்லை, அதனால் அப்படி ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாது. கணக்கு இப்படி: கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிக் கூலி (15,000 வரை) பெருக்கல் 35. அதோடு சராசரி பி.எஃப். இருப்பில் பாதி, அது 1,75,000 வரை. கூலி 12,000, இருப்பு 1,20,000 என்றால் 4,20,000 கூட்டல் 60,000, ஆக 4,80,000 ரூபாய். உச்சவரம்பு 7 லட்சம்.

அடுத்தது வாரிசுதாரர் (நாமினி) நியமனம். வேலைக்குச் சேர்ந்தபோது இந்தப் பெண் அம்மா பெயரைக் கொடுத்திருந்தாள். கல்யாணத்தோடு அந்த நியமனம் செல்லாது, மறுபடி எழுத வேண்டும். கணவனை விலக்க நினைத்தால் அதற்கும் விதி இருக்கிறது: பி.எஃப். ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும், குடும்பம் என்ற வரையறையிலிருந்து கணவன் நீங்கிவிடுவான். இதைப் பெண் தொழிலாளர்களிடம் யாரும் சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் சண்டை மூட்டிவிட்டதாகப் பேச்சு வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல் இனிஷியல். பி.எஃப்.பில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. உயிரோடு இருக்கும்போது தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் ஒரு கூட்டு உறுதிமொழியில் தீர்ந்துபோகும் விஷயம், இறந்தபின் தாசில்தார் ஆபீஸ், நோட்டரி என்று மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே கல்யாண லீவ் முடிந்து வந்த வாரத்திலேயே ஆதார் நகலும் புது நியமனமும் வாங்கிவிடுவது நல்லது.

கிராச்சுவிட்டிக்கு (பணிக்கொடை) ஐந்து வருடம் ஆக வேண்டும் என்ற நிபந்தனை இறப்புக்குப் பொருந்தாது. மூன்று வருடச் சர்வீஸ் என்றாலும் வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி கொடுத்தாக வேண்டும். மீதி லீவ் சம்பளத்தைக் கேட்காமலே சேர்த்துவிடலாம்.

கடைசியாக, போனஸ். அந்தக் கணக்காண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே போனஸ் உண்டு. ஆனால் தீபாவளிப் பட்டியல் அப்போதைய மஸ்டர் ரோலைப் பார்த்துத் தயாராவதால், நடுவில் இறந்தவர் பெயர் அதில் வராது. இறந்தவர்கள் பெயரை டைம் ஆபீஸ் தனித் தாளில் எழுதி, பட்டியல் போடுவதற்கு முன்பே கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.