சுங்கை சிப்புட் லயத்துக்கு மேல என் ட்ரோன்

போன பள்ளி விடுமுறையில மலேசியாவுல சுங்கை சிப்புட்ல பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஈப்போவுலேர்ந்து வடக்கே அரைமணி நேரம், டவுனைத் தாண்டி உள்ள போனா ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், தூரத்துல சுண்ணாம்பு மலைங்க. இதையெல்லாம் எடுக்கணும்னே 249 கிராம் குட்டி ட்ரோனைத் தூக்கிட்டுப் போனேன்.

சாயங்காலம் திடல்லேர்ந்து ஏத்தினேன், ஏர்போர்ட் கிட்ட இல்ல, 400 அடி உயர வரம்பத் தாண்டல, கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான் இருக்கு, எல்லாம் சரின்னு நெனச்சிக்கிட்டே தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்குற லயத்து வீடுங்க வரிசை அழகா இருக்கேன்னு கீழ எறக்கிட்டேன், ஒரு 15 மீட்டர் இருக்கும். குளிச்சிட்டு வந்து துணி காயப்போட்டுக்கிட்டிருந்த ஒரு அக்கா சத்தம் கேட்டு நிமிர்ந்து பாத்தாங்க, துண்ட இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள ஓடினாங்க. எனக்கு கை நடுங்கிடுச்சு.

லயத்துல முன்பக்கம் சாமி மேடை, பூச்செடி, வர்றவங்க உக்கார பெஞ்சு. தண்ணித்தொட்டி, துவைக்கிற கல்லு, கொடிக்கயிறு எல்லாம் பின்பக்கம்தான், வேத்து ஆளுங்க அங்க வரமாட்டாங்கன்ற நம்பிக்கையிலதான் பொம்பளைங்க அங்க நடமாடுறாங்க. மேலேர்ந்து பாக்குற கேமராவுக்கு பின்பக்கம்னு ஒண்ணே கிடையாது.

உயரக் கணக்க மட்டும்தான் நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். மலேசியாவோட 2016 விமானப் போக்குவரத்து விதிமுறையில, கேமரா ட்ரோன் அனுமதி இல்லாம அடுத்தவங்ககிட்டயோ கட்டடத்துகிட்டயோ 50 மீட்டருக்குள்ள போகக்கூடாதுன்னும் இருக்கு.

பெரியம்மா என்னை நேரா அந்த வீட்டுக்கே கூட்டிட்டுப் போனாங்க. அக்கா கண்ணு முன்னாடியே கார்டுல இருந்த வீடியோவ அழிச்சேன், ஆப்புல பாக்குறப்ப போன்லயும் ஒரு காப்பி தங்கிடலாம், நிறைய பேருக்கு அது தெரியாது, அதையும் அழிச்சேன். மன்னிப்பு கேட்டேன். "சொல்லிட்டு விடுங்க தம்பி, வேணாம்னா சொல்லப்போறோம்"னாங்க.

மறுநாள் வீடு வீடா போய் எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்னு சொல்லிட்டு, கொடியில கிடந்த துணியெல்லாம் எடுத்தப்புறம் காலையில எட்டு மணிக்கு விட்டேன், 60 மீட்டருக்குக் கீழ எறக்கவே இல்ல. அக்கா பக்கத்துல நின்னு ஸ்க்ரீனயே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எங்க வீட்டக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுன்னாங்க, ஜூம் பண்ணினேன்.

"அந்த ஓரத்துத் தகரம் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு தம்பி, அதான் மழை வந்தா அடுப்படியெல்லாம் ஒழுகுது!"