ரம்ஜான் பேரீச்சையை நேரடியாக இறக்குமதி செய்ய நினைப்பவர்களுக்கு

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு: ரம்ஜான் மாதத்தில் இங்கே பேரீச்சை எப்படி ஓடும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சென்னை மொத்த வியாபாரியிடம் வாங்குவதை விட்டு நாமே துபாயிலிருந்து இறக்கினால் என்ன என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான். எங்கள் சரக்கும் சுங்கத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது, ஒரு ரகத்தைத் தவிர. வந்த விதத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஐ.இ.சி. (இறக்குமதி-ஏற்றுமதிக்கான குறியீட்டு எண்) எடுப்பதில் ஒன்றும் இல்லை, ஆன்லைனில் 500 ரூபாய். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் உள்ளே போய் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் முடக்கிவிடுவார்கள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யில் இறக்குமதியாளருக்கு மத்திய உரிமம் வேண்டும், ஆண்டுக்கு 7,500 ரூபாய். கடைக்கு வைத்திருக்கும் மாநில உரிமம் இதற்கு உதவாது. வேலூர் மாவட்டக்காரர்களுக்கென்றே இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது அல்லவா? பழைய வாடகை ஒப்பந்தத்தில் வேலூர் மாவட்டம், ஜி.எஸ்.டி.யில் ராணிப்பேட்டை மாவட்டம். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஒன்றேதான். ஆனாலும் 'முகவரி பொருந்தவில்லை' என்று ஒற்றை வரியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. விளக்கக் கடிதம் எழுதி மல்லுக்கட்டுவதைவிட ஒப்பந்தத்தைப் புதிதாகப் போடுவது சுலபம். ஜி.எஸ்.டி., ஐ.இ.சி., வாடகை ஒப்பந்தம் மூன்றிலும் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று சொல்லும் தாவர நலச் சான்று, நம் ஏஜென்ட்கள் 'ஃபைட்டோ' என்பார்கள். துபாயில் விற்கும் பேரீச்சையில் அங்கே விளையாததும் நிறைய உண்டு. சவுதி, ஈரான், இராக் சரக்கு. அப்படியானால் துபாயில் கொடுக்கும் மறு ஏற்றுமதிச் சான்று மட்டும் போதாது. விளைந்த நாடு கொடுத்த மூலச் சான்றோ, அதன் சான்றளிக்கப்பட்ட நகலோ கூடவே வர வேண்டும். விற்றவர் அதை அனுப்பவே இல்லை. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் அனுப்புறோம்" என்றார். நகல் வந்து சேரும்வரை கன்டெய்னர் சி.எஃப்.எஸ்.ஸில் (சுங்கச் சோதனை முடியும்வரை கன்டெய்னரை வைக்கும் நிலையம்) கிடந்தது, வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. குளிர் கன்டெய்னர் என்றால் மின்சாரம் கொடுப்பதற்கும் தனிக் கட்டணம் உண்டு. மரப் பலகை அடியில் இருந்தால் அதில் ஐ.எஸ்.பி.எம்.-15 முத்திரை (பூச்சி நீக்கிய மரம் என்பதற்கான அடையாளம்) இருக்கிறதா என்பதையும் ஏற்றும்போதே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

துபாயில் வாங்கினால் இந்தியா-அமீரக வர்த்தக ஒப்பந்தப்படி வரிச் சலுகை கிடைக்கும் என்று விற்பவர் ஆசை காட்டினால் நம்பிவிடாதீர்கள். சவுதிப் பேரீச்சையை துபாயில் பெட்டி மாற்றி அடைத்தால் அது அமீரகச் சரக்கு ஆகிவிடாது. சலுகை கேட்டால் விளைந்த இடத்துக்கான ஆதாரத்தை நாம்தான் காட்ட வேண்டும்.

பணத்தை விழுங்கியது லேபிள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னம், உரிம எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி ஆகியவை விடுபட்டிருந்தால் சுங்கக் கிடங்கிலேயே பிரிக்க முடியாத ஒரே ஸ்டிக்கராக ஒட்டிச் சரிசெய்ய விடுவார்கள். பச்சைப் புள்ளி விஷயத்தில் அப்படித்தான் தப்பித்தோம். விலை போன்ற எடையளவுச் சட்ட விவரங்களும் சரக்கு வெளியே வருமுன் பெட்டியில் ஏறிவிட வேண்டும். ஆனால் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, பேட்ச் எண் ஆகியவை அங்கேயே அச்சாகி வந்திருக்க வேண்டும். அவற்றுக்கு ஸ்டிக்கர் செல்லாது. ஒரு ரகத்தில் தயாரிப்புத் தேதி வெளி அட்டைப்பெட்டியில் மட்டும் இருந்தது, உள்ளே இருந்த அரைக் கிலோ டப்பாக்களில் இல்லை. அந்த ரகத்துக்குப் பரிசோதனைக்கு மாதிரிகூட எடுக்கவில்லை. திருப்பி அனுப்ப வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும். இரண்டுக்கும் செலவு நம்முடையது.

ஆயுள் கணக்கையும் பாருங்கள். இறங்கும்போது மொத்த ஆயுளில் 60 சதவீதமாவது மீதி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு 3 மாதமாவது இருக்க வேண்டும்; இரண்டில் எது குறைவோ அது போதும். ஒரு வருட ஆயுள் உள்ள பேரீச்சைக்கு 3 மாதம் மீதி இருந்தாலே சட்டப்படி சரி. ஆனால் அந்தச் சரக்கை ஆம்பூர் கடைக்காரர் கையால் தொடமாட்டார்.

ஒவ்வொரு ரகத்துக்கும் தனி மாதிரி, தனிப் பரிசோதனைக் கட்டணம். எனவே முதல் தடவை எட்டு ரகம், பத்து ரகம் என்று ஆசைப்பட வேண்டாம். ஒரே ரகத்தை 10 கிலோ பெட்டிகளாக இறக்கி இங்கே பிரித்து அடைப்பதுதான் என் கணிப்பில் லாபம். அதற்கு மறுபொதியிடுபவர் என்ற வகையையும் உரிமத்தில் முன்கூட்டியே சேர்த்திருக்க வேண்டும்.

சுங்கத்திடம் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரியை கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் போட்டுவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000. விற்றவர் காகிதம் தாமதமாக அனுப்பினார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

ரம்ஜான் ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்கிறது என்பதால் போன வருட நாள்காட்டியை வைத்து ஆர்டர் போடாதீர்கள். நோன்புக்கு இரண்டு மாதம் முன்பே சரக்கு சென்னையில் இறங்கினால்தான் இத்தனை இழுபறிக்கும் இடம் இருக்கும். முன்பணம் அனுப்புமுன் டப்பாவின் ஆறு பக்கத்தையும், ஃபைட்டோ நகலையும் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். கப்பல் கம்பெனியிடம் கன்டெய்னருக்கு 14 நாள் ஃப்ரீ டைம் (வாடகை இல்லாத நாட்கள்) கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, பி.எல்.லிலேயே (கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீது) அச்சாகி வர வேண்டும்.