கண்ணாடிக்கு மேலே பார்க்கணும்

ஜூலை 13, 2025, ஞாயிறு

நேற்று ராத்திரி கிருஷ்ணகிரியிலிருந்து வரும்போது காவேரிப்பட்டணம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, காரிமங்கலம் வருவதற்குள் முடிவே செய்துவிட்டேன், இந்த விண்ட்ஷீல்டை வெட்டியே ஆகணும். என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக்குக்கு வெளியில் வாங்கிப் போட்ட உயரமான டூரிங் ஷீல்டு இது. மேல் விளிம்பு என் கண்ணுக்கு இரண்டு விரல் மேலே நிற்கிறது, அதாவது ரோட்டை எப்போதும் பிளாஸ்டிக் வழியாகத்தான் பார்க்கிறேன். பகலில் பரவாயில்லை. ராத்திரி, மழை, எதிர்ப்பக்க லாரிகளின் ஹைபீம் மூன்றும் சேர்ந்தால் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு துளியும் தனி விளக்காக எரிகிறது. ஹெல்மெட் வைசரையாவது கையுறையால் வழித்துவிடலாம், இதற்கு வைப்பரா இருக்கிறது?

"உயரமா இருந்தாதான் சார் காத்து அடிக்காது" என்றார் கடைக்காரர். ஆறடி ஆளுக்கு அது சரி. நான் 5 அடி 4 அங்குலம்.

ஜூலை 16, புதன்

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாமல் பிளேடை வைக்கக் கூடாது. ஷீல்டுகள் பெரும்பாலும் அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். அக்ரிலிக் பளிச்சென்று இருக்கும், சீக்கிரம் கீறல் விழாது, ஆனால் வெட்டும்போது அதிர்ந்தால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடிவிடும். பாலிகார்பனேட் சட்டென்று உடையாது, கீறல்தான் எளிதில் விழும். கழற்றிப் பார்த்தேன், கிளாம்ப் மறைத்திருந்த இடத்தில் பி.சி. என்று அச்சு இருக்கிறது. பாலிகார்பனேட். நிம்மதி.

ஜூலை 20, ஞாயிறு

இன்று அளவு மட்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்து நிற்கும், அந்த அளவு உதவாது. வீட்டுக்காரம்மா பின்னாடி பிடித்துக்கொள்ள, வண்டியை நிமிர்த்தி, ஹெல்மெட்டும் ஷூவும் போட்டுக்கொண்டு வழக்கம்போல உட்கார்ந்தேன் (விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து அளந்தால் ஏமாற்றிவிடும், ஒரு மணி நேரம் ஓட்டினால் எல்லோருக்கும் முதுகு கொஞ்சம் கூனும்). மேல் விளிம்பு மூக்கு மட்டத்தில் இருந்தால் ரோட்டை அதற்கு மேலாகப் பார்க்கலாம், காற்றும் ஹெல்மெட்டுக்கு மேலே ஏறிப்போகும். எனக்கு அது 9 செ.மீ. குறைக்கணும் என்று வந்தது. அந்த உயரத்தில் குறுக்கே மாஸ்கிங் டேப் ஒட்டி ஊருக்குள் ஒரு சுற்று போய் வந்தேன். பார்வை சரி. ஆனால் டேப் பார்வையைத்தான் சொல்லும், காற்றைச் சொல்லாது. அதிகமாக வெட்டினால் விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று நேராக ஹெல்மெட்டில் மோதும், தலை தடதடவென்று ஆடும். ஆடி வேறு பிறந்துவிட்டது. அதனால் முதலில் 6 செ.மீ. போதும்.

ஜூலை 27, ஞாயிறு

தெருக்கோடி ஆசாரி அண்ணனிடம் ஜிக்சா (பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் கரண்ட் ரம்பம்) வாங்கி வந்தேன். "தம்பி, மரத்து பிளேடு போடாத, பல்லு பெருசு, தூக்கி அடிக்கும்" என்று இரும்பு அறுக்கிற பொடிப்பல் பிளேடும் கொடுத்தார்.

செய்தித்தாளை நடுவில் மடித்து, பாதி வளைவை வெட்டி விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. காலண்டர் அட்டை ஷீல்டின் வளைவுக்கு மடங்காது, செய்தித்தாள்தான் சரி. ஷீல்டின் இரண்டு பக்கமும் டேப் அகலமாக ஒட்டி, அதன் மேல் கோடு. டேப் இல்லாவிட்டால் ஜிக்சாவின் அடித்தட்டே கீறல் போட்டுவிடும். மூலைகளைக் கூராக விடாமல் உருட்டினேன், விரிசல் தொடங்குவது அங்கேதான், தவிர திடீர் பிரேக்கில் முன்னே சரிந்தால் கழுத்துக்கு நேராக இருப்பதும் அந்த விளிம்புதான்.

கோணிச் சாக்கை விரித்து, மரக்கட்டை வைத்து, கோட்டுக்கு ஒட்டியே கிளாம்ப் போட்டேன். தொங்கும் பகுதி நீளமாக இருந்தால் படபடக்கும். வேகம் குறைவு, பெண்டுலம் (பிளேடு முன்னும் பின்னும் ஆடும் அசைவு) பூஜ்யம். பாலிகார்பனேட் 147 டிகிரி வாக்கில் இளகிவிடும், வேகமாக அறுத்தால் தூள் உருகி வெட்டிய கோட்டிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். நடுநடுவே நிறுத்தித் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

அறுப்பதைவிட ஓரம் தேய்ப்பதுதான் வேலை. முதலில் அரம், அப்புறம் 120, 220, 400 நம்பர் உப்புத்தாள், கடைசியில் 600 வாட்டர் பேப்பர் தண்ணீரோடு. கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டினால் ஓரம் பளபளக்கும் என்றார் அண்ணன். அக்ரிலிக்குக்கு நல்ல யோசனை, பாலிகார்பனேட் உள்ளே ஈரம் பிடித்திருக்கும், நெருப்பு பட்டால் பொரிந்துவிடும். மழமழப்பாக இருந்தால் போதும் எனக்கு.

மாட்டும்போது திருகு கழலாமல் இருக்க விடும் திரெட் லாக்கர் பசையை விடவில்லை, அது பாலிகார்பனேட்டில் விரிசல் விட வைக்கும். ரப்பர் புஷ் போட்டு அளவாக முடுக்கினேன். டேப் கறைக்குச் சோப்புத் தண்ணீர்தான், பெட்ரோலும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது.

ஜூலை 30, புதன்

கிருஷ்ணகிரிக்குப் போகும்போது காற்று இடது பக்கமும் முதுகிலுமாக வருவதால் எதுவும் தெரியவில்லை. திரும்பும்போதுதான் சோதனை, மேற்குக் காற்று வலது முன்பக்கத்திலிருந்து அறைகிறது. 80-இல் ஹெல்மெட் ஆடவில்லை. தோளில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது, அது பிடித்தே இருக்கிறது. ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது விளிம்பு இன்னும் பார்வையில் குறுக்கே வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்கு ஆசாரி அண்ணன் வீட்டோடு ஒகேனக்கல் போகிறார் என்று நேற்றே ஜிக்சாவை வாங்கி இன்னும் 2 செ.மீ. எடுத்துவிட்டேன். மீதி 1 செ.மீ. இருக்கட்டும். காலையில் தூறலில் ஓட்டிப் பார்த்தேன், ஷீல்டு முழுக்கத் துளி, அதற்கு மேலே ரோடு தெளிவாக இருந்தது.

ஆபீஸ் நண்பர் போனில் அந்தச் செய்தித்தாள் அளவைக் கேட்டார், அவரிடமும் இதே ஷீல்டுதான். தரவில்லை. அவர் என்னைவிட அரையடி உயரம், அவர் வண்டியில் அவரே உட்கார்ந்து டேப் ஒட்டிப் பார்க்கட்டும்.