குத்துவிளக்குக் கடைக்கு வெப்சைட் போட்ட கதை

மாமாவுக்கு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை. முன்னால் கடை, பின்னால் வார்ப்பு. கும்பகோணத்திலிருந்து பஸ் பிடித்து வந்து வாங்குகிறவர்களைவிட இப்போதெல்லாம் போனில் கேட்கிறவர்கள்தான் அதிகம். "நல்லதா ஒரு வெப்சைட் போட்டுக் குடு மாப்ள" என்றார். திறந்ததும் மகாலட்சுமி படம், பின்னணியில் நாதஸ்வரம், விளக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வரவேண்டும் என்பது அவர் ஆசை. சத்தத்தோடு தானாகப் பாடுவதை குரோம் 2018லிருந்தே பெரும்பாலும் தடுத்துவிடுகிறது என்று சொன்னதில் நாதஸ்வரம் மட்டும் சுலபமாகப் போனது.

லேப்டாப்பைத் திறக்காமல் முதலில் கல்லாப் பக்கம் ஒரு நோட்டோடு உட்கார்ந்தேன். போனில் என்ன கேட்கிறார்கள் என்று அப்படியே எழுதினேன். எத்தனை அடி, எத்தனை கிலோ, இன்றைக்குக் கிலோ என்ன விலை, பெயர் வெட்டித் தருவீர்களா, பெங்களூருக்கு அனுப்பினால் அடிபடாமல் வந்து சேருமா. பட்டறையை ஆரம்பித்த கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பழைய தளத்தின் முதல் பக்கம் முழுக்க அவர்தான் இருந்தார்.

அந்தப் பழைய தளத்தால் வந்த தலைவலி தனி. முன்பு செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, தன் கணக்கில், தன் பெயரில் பதிவு செய்திருந்தார். மாமா வருஷா வருஷம் அவருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். தாளில் மட்டும் சொந்தக்காரர் அந்த ஆள். பையிலும் பில்லிலும் அச்சடித்த முகவரி, விடவும் முடியாது. டொமைனுக்குப் போட்ட பூட்டை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீட்டைக் கொடுப்பது அவருக்குச் சின்ன வேலைதான். அதைக் கேட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. யாரிடம் வேலை கொடுத்தாலும் டொமைன் கணக்கு கடைக்காரரின் மின்னஞ்சலில், அவர் போன் நம்பரில் இருக்கட்டும். டிசைன் பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், இதை அப்படி மாற்ற முடியாது.

அடுத்து விலை. பித்தளை விளக்குக்கு எடைதான் கணக்கு, கிலோ விலையோ சந்தையோடு ஏறி இறங்கும். ஒவ்வொரு விளக்குக்கும் விலை எழுதினால் ஏறும்போதெல்லாம் எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டும். எழுதாமல் விட்டால் பார்க்கிறவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அதனால் கிலோ விலை ஒரே இடத்தில் இருக்கும்படி செய்தேன். விளக்கின் உயரமும் எடையும் ஏற்கெனவே பதிவாகி இருக்கும், விலை தானாகக் கணக்காகும், பக்கத்தில் எந்தத் தேதி விலை என்றும் வரும். அத்தை தன் போனிலிருந்தே அந்தக் கிலோ விலையை மாற்றிவிடுகிறார். கைவார்ப்பு என்பதால் இரண்டு விளக்கு ஒரே எடை நிற்காது. ஆகவே எடைக்கு முன்னால் 'சுமார்', ஆர்டர் உறுதியானதும் தராசில் வைத்த படம் வாட்ஸ்அப்பில்.

படம் எடுப்பதும் லேசில்லை. பளபளக்கும் பித்தளையில் எடுக்கிறவன் முகமே தெரிகிறது. திண்ணை நிழலில், காலை வெளிச்சத்தில், பின்னால் வெள்ளை வேட்டியைக் கட்டி எடுத்த பிறகுதான் அன்னத்தின் கழுத்துச் செதுக்கல் தெரிந்தது. மூன்றடி என்று எழுதினால் பலருக்கு மனதில் பிடிபடுவதில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து ஒரு படம் கூடுதலாக எடுத்தோம், மாமாவுக்கு அது அழகில்லை என்று வருத்தம். போனில் எடுத்த படங்கள் நான்கைந்து எம்பி. வெப்பி (WebP) என்ற, இணையத்துக்கான சிறிய பட வடிவத்துக்கு மாற்றி 200 கேபிக்குள் கொண்டுவந்தேன். பக்கத்தின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் வந்துவிட்டால் கூகுள் கணக்கில் நல்ல வேகம்.

பழைய தமிழ் வரிகள் அச்சகத்தில் பயன்படுத்தும் பழைய எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை, தேடலுக்கும் அது தமிழே இல்லை. எல்லாவற்றையும் எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். கொம்பும் சுழியும் இடிக்காமல் இருக்க வரி இடைவெளியைக் கூட்டினேன்.

புவிசார் குறியீட்டு முத்திரையைப் பெரிதாகப் போடச் சொன்னார் மாமா. நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குக் குறியீடு இருப்பது உண்மைதான். ஆனால் 1999 சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட பயனர் என்று பதிவு செய்தவர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பதிவு வரும்வரை அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கூகுள் மேப்பில் கடையைச் சரிபார்க்க வீடியோ கேட்டார்கள். தெரு, பெயர்ப்பலகை, ஷட்டரைத் திறப்பது எல்லாம் ஒரே ஓட்டமாக, வெட்டாமல் எடுத்து அனுப்பினோம். அதற்குப் பிறகு வருகிற போன்களில் "கடை எங்க இருக்கு?" குறைந்திருக்கிறது.

பெயர் வெட்டும் பக்கம் மட்டும் பாக்கி. கோவிலுக்குக் கொடுக்கிற விளக்கில் 'உபயம்' என்று குடும்பப் பெயர்களை வெட்டச் சொல்வார்கள், எழுத்து தப்பினால் பித்தளையில் அழிக்க வழியில்லை. அடித்த வரி பெரிதாகத் திரும்பத் தெரியவேண்டும், வாடிக்கையாளர் 'சரி' என்று அழுத்திய பிறகே பட்டறைக்குப் போகவேண்டும். ஒரு விளக்கில் எத்தனை எழுத்து அடங்கும் என்று உளி பிடிக்கிறவரிடம் கேட்டிருக்கிறேன். அளவுக்கு ஒன்றாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.