பேனாவால் ஊற்றிய மார்பின்

ஊசி மருந்தின் வரலாற்றைப் பலரும் 1853-இல், எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் வுட்டிடமிருந்து தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1844 ஜூன் 3 அன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரில், மீத் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் பிரான்சிஸ் ரிண்ட் தோலுக்கடியில் மருந்து செலுத்திவிட்டார். அவர் கையில் இருந்தது சிரிஞ்ச் அல்ல. அதில் மருந்தைத் தள்ளும் தண்டான பிஸ்டன் கிடையாது. மருந்து தன் எடையாலேயே கீழே இறங்க வேண்டும்.

நோயாளி 59 வயதுப் பெண். முகத்தில் தாங்க முடியாத நரம்புவலி. ரிண்ட், அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்பினின் அசிடேட் உப்பை 15 கிரெய்ன் எடுத்து, ஒரு டிராம் கிரியோசோட் என்ற திரவத்தில் கரைத்தார். இன்றைய அளவில் ஏறக்குறைய 1 கிராம் மருந்து, மூன்றரை மில்லி திரவத்தில். புருவத்துக்கு மேலுள்ள நரம்பின் அருகிலும், நெற்றிப்பொட்டு, கன்ன எலும்பு, கன்னம் ஆகியவற்றின் நரம்புகள் ஓடும் வழியிலுமாக மொத்தம் நான்கு குத்துகள். ஒரு நிமிடத்தில் வலி நின்றது. பல மாதங்களாக இல்லாத தூக்கம் அன்றிரவு வந்தது. ஒரு வாரம் கழித்து ஈறுகளில் லேசாக வலி திரும்பியபோது, மேல் ஈறில் இரண்டு, கீழ் ஈறில் இரண்டு என்று மறுபடி குத்தினார்.

இதன் அருமை புரிய, அதுவரை இருந்த வழியைப் பார்க்க வேண்டும். வாய்வழி அபின் கேட்காவிட்டால், வண்டுப்பொடிப் பசையைத் தோலில் ஒட்டிக் கொப்புளம் எழுப்புவார்கள். மேல்தோலை உரித்துவிட்டு, சிவந்த சதையின் மேல் மார்பின் பொடியைத் தூவுவார்கள். கொப்புளம் எழவே மணிக்கணக்காகும். பொடியில் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குப் பக்கத்தில் இதைச் செய்யவே கூடாது.

இனி அந்தக் கருவி. கைப்பிடியின் நுனியில் ஒரு மெல்லிய குழல் திருகி மாட்டப்பட்டிருக்கும். குழலுக்குள் ஒரு ஊசி. கைப்பிடியிலுள்ள சிறு குமிழை மேலே தள்ளினால், ஊசியின் முனை குழலைத் தாண்டிச் சற்றே வெளியே நீட்டி நிற்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கக் காத்திருக்கும். குழலின் பக்கவாட்டில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் மருந்தை ஊற்ற வேண்டும்: சாதாரண எழுதும் பேனாவால், அல்லது அறுவை மருத்துவர்கள் வைத்திருக்கும் வெள்ளிச் சலாகையின் கரண்டி போன்ற முனையால். பிறகு கத்தி நுனியால் தோலைச் சிறிது கீறிக்கொண்டோ, கருவியின் முனையாலேயே குத்தியோ, வேண்டிய ஆழத்துக்கு இறக்க வேண்டும். கைப்பிடியை மெல்ல அழுத்தினால் குமிழ் விடுபட்டு, ஊசி உள்ளே இழுத்துக்கொள்ளும். குழலின் வாய் திறந்து மருந்து சதைக்குள் வடியும்.

கச்சிதமான வடிவமைப்புதான். ஆனால் பிஸ்டன் இல்லாத குறை பெரிது. சதை இறுக்கமாக இருந்தால் மருந்து இறங்காது. குழலில் எவ்வளவு தங்கியது, எவ்வளவு வெளியே வழிந்தது என்று தெரியாது. இன்று தோலடியில் போடும் மார்பின் ஒருமுறைக்குச் சாதாரணமாக 10 மில்லிகிராம் அளவில்தான் இருக்கும். ரிண்ட் கரைத்துவைத்தது அதைப்போல் நூறு மடங்கு. அந்தப் பெண் பிழைத்தார் என்றால், கரைத்ததில் சிறு பகுதியே உடலுக்குள் போயிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

ஒரு நிமிடத்தில் வலி நின்றது என்பதையும் யோசிக்க வேண்டும். தோலடியில் போட்ட மார்பின் வேலைசெய்யக் கால் மணி நேரமாவது வேண்டும். ஒரு நிமிடத்தில் அது முடியாது. மரத்தின் தாரை வடித்து எடுக்கும் கிரியோசோட்டோ சதையை மரத்துப்போகச் செய்யும். அந்தக் காலத்தில் பல்வலிக்கு அதைத்தான் சொத்தைக்குள் வைத்தார்கள். அந்த முதல் நிமிடம் கிரியோசோட்டின் வேலை, இரவுத் தூக்கம் மார்பினின் வேலை என்றே நான் நினைக்கிறேன். கிரியோசோட் கிருமியையும் கொல்லும். அறுவையில் கிருமிநாசினியைப் புகுத்திய லிஸ்டருக்கு இருபதாண்டுகளுக்கும் மேல் முன்பு, கருவியைக் கொதிக்கவைக்கும் பழக்கமே இல்லாத வார்டில், குத்திய இடம் சீழ் பிடிக்காமல் போனதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மருந்தை நரம்பின் பக்கத்திலேயே விட்டால்தான் பலிக்கும் என்பது ரிண்டின் எண்ணம். வுட்டும் அப்படியே நம்பினார். எங்கே போட்டாலும் இரத்தம் வழியாகப் பரவி வேலைசெய்யும் என்பதை 1858-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் ஹண்டர் காட்டினார்.

வலியைப் போக்க, அதே டப்ளினில் மருத்துவர் டொமினிக் காரிகன் வேறு வழியில் போனார். இதயத்தின் பெருந்தமனி வால்வுக் கசிவை 1832-இல் விவரித்தவர். 1846-இல் அவர் எழுதியது இடுப்புப் பிடிப்புக்கும் தொடை நரம்புக் குடைச்சலுக்கும் சூடு போடும் முறையைப் பற்றி. மரக் கைப்பிடியில் இரண்டு அங்குல இரும்புக் கம்பி. அதன் முனையில் அரை அங்குல அகலமும் கால் அங்குல கனமும் கொண்ட தட்டையான இரும்புப் பொத்தான். கூடவே ஒரு சிறிய ஸ்பிரிட் விளக்கு. அவ்வளவுதான் சாமான்.

பொத்தானைச் சுடரில் பிடிக்கும்போது, ஆட்காட்டி விரல் பொத்தானிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் கம்பியின்மேல் இருக்க வேண்டும். விரலுக்குச் சூடு தாங்காத அந்தக் கணம்தான் சரியான பதம். கால் நிமிடம் போதும். இரும்பு ஒருபோதும் சிவக்கக் கூடாது, சிவந்தால் தோல் கருகிப் புண்ணாகும். பிறகு அரை அங்குல இடைவெளி விட்டு, வலிக்கும் இடம் முழுவதும் விரைவாகத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சூடு சரியா என்று பார்க்கத் தோலைப் பக்கவாட்டிலிருந்து நோக்க வேண்டும்: தொட்ட இடம் பளபளப்பான வெள்ளையாகத் தெரிந்தால் சரி. சற்று நேரத்தில் அந்தப் பரப்பு முழுவதும் சிவந்து வெதுவெதுக்கும். விரலையே வெப்பமானியாக்கிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1847 ஜனவரி 1 அன்று, டப்ளினின் ரிச்மண்ட் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் மெக்டொனல், முகர்ந்தால் மயக்கம் தரும் ஈதரைக் கொடுத்து 18 வயதுப் பெண்ணின் கையை அகற்றினார். முள் குத்தி முழங்கை மூட்டு சீழ் வைத்திருந்தது. நோயாளிக்குக் கொடுக்கும் முன் தானே ஈதரை முகர்ந்து, சில நொடிகள் நினைவிழந்து பார்த்துக்கொண்டார். அயர்லாந்தில் ஈதர் மயக்கத்தில் நடந்த முதல் அறுவை அது.

ஆனால் ஈதர் தெளிந்ததும் வெட்டுக்காயம் வலிக்கும். அதற்கு மறுபடியும் அபின்தான், அதுவும் வாய்வழியாக. ரிண்டின் குழல் அதே ஊரில் இருந்தது. அவர் 1845 மார்ச்சில் வெளியிட்ட குறிப்பிலோ, இதற்கென்று செய்த ஒரு கருவி என்பதற்கு மேல் விவரமில்லை. அதன் அமைப்பை அவர் விளக்கி எழுதியது 1861-இல், தாம் இறந்த ஆண்டில்.